ஆறடி ஃபிஷ்ஷா, ஆறடி எட்டங்குலமா: கனத்த ஆளுக்கு எந்த ஷார்ட்போர்டு?

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு சர்ஃப்போர்டு (அலைமேல் ஏறி நின்று சறுக்கும் பலகை) அளவு பற்றிப் பேசுகிறான் பார் என்று வீட்டிலேயே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்களுக்குக் கடல் என்றால் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் எல்லாம் தாண்டி இருநூறு கிலோமீட்டருக்கு மேல். மாதத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை, விடியுமுன் கிளம்பி புதுச்சேரிக்கு வடக்கே செரினிட்டி பீச்சுக்குப் போவேன், நாலு நாள் லீவு சேர்ந்து வந்தால் கோவளம். உயரம் ஆறடி இரண்டங்குலம், எடை 97 கிலோ. தட்டுவடை செட்டை விட்டால் 92க்கு வரலாம், விடுவதாக இல்லை.

போன வருஷம் வாடகை ஃபோம் போர்டை விட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றபோது இரண்டு போர்டுகள் கைக்கு வந்தன. ஒன்று நண்பனுடைய ஃபிஷ் (குட்டையாக, அகலமாக, மீன்வால் மாதிரி பிளந்த வாலோடு, பெரும்பாலும் இரட்டை ஃபின்னோடு வரும் வகை; ஃபின் என்றால் வாலுக்கு அடியில் இருக்கும் செதில்): நீளம் 6 அடி, அகலம் 22 அங்குலம், தடிமன் 2 7/8. இன்னொன்று கோவளத்தில் ஒருவர் விற்ற பழைய மூன்று ஃபின் ஷார்ட்போர்டு: 6 அடி 8 அங்குலம், அகலம் 21, தடிமன் அதே 2 7/8. இரண்டுமே சுமார் 43 லிட்டர், அதாவது போர்டின் மொத்தக் கனஅளவு, நம்மை மிதக்க வைப்பது அதுதான். ஓரளவு ஓட்டத் தெரிந்த ஆளுக்குக் கிலோவுக்கு 0.4 லிட்டரை ஒட்டி என்பது பொதுவான கணக்கு, தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதற்கும் கீழே போவார்கள், என்னைப் போல மாதம் ஒருமுறை கடலைப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக லிட்டர் கணக்கில் இரண்டும் எனக்குச் சரி. இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். அந்த 43 லிட்டர் போர்டில் எங்கே இருக்கிறது, நம் கால் எங்கே விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஃபிஷ் அகலமானது, மூக்கிலிருந்து வால்வரை அடிப்பக்க வளைவு குறைவானது, அதனால் சொத்தையான அலையிலும் வேகம் பிடிக்கும். நீள போர்டு அலைக்குள் முன்கூட்டியே நுழையும், படுத்துக் கையால் துடுப்புப் போடும்போது வழுக்கிக்கொண்டு போகும், திரும்பச் சோம்பல்படும். ரயில் நீளம் கூட இருப்பதால் வேகத்தில் பிடிமானம் அதிகம் (ரயில் என்றால் போர்டின் ஓரம், ஜங்ஷனில் நிற்பது இல்லை).

இப்போது காலுக்கு வருகிறேன். இதை அளக்கக் கடலே தேவையில்லை. மொட்டைமாடியில் பழைய மெத்தையைப் போட்டு, ஃபின்னைக் கழற்றிவிட்டு, போர்டை மேலே வைத்தேன். பின்கால் இரண்டு ஓரத்து ஃபின்களுக்கு மேலே, அதாவது வாலிலிருந்து ஏறக்குறைய 11 அங்குலத்தில் இருக்க வேண்டும், திருப்புகிற வேலையே அங்கேதான் நடக்கிறது. நான் இயல்பாக முட்டியை மடக்கி நின்றால் இரண்டு பாதங்களின் நடுவுக்கும் இடையே 33 அங்குலம். என் மகள் சாக்பீஸால் கோடு போட்டாள். முன்கால் வாலிலிருந்து 44 அங்குலத்தில் விழுந்தது. ஆறடி போர்டின் நடு 36. அப்படியென்றால் முன்கால் நடுவைத் தாண்டி எட்டு அங்குலம் மூக்குப் பக்கம் நிற்கிறது! நீள போர்டில் நடு 40, தாண்டுவது நாலு அங்குலம்தான். ஐந்தடி ஏழங்குல நண்பனையும் ஏற்றிப் பார்த்தேன், அவன் கால் இடைவெளி 26, ஆறடி ஃபிஷ்ஷில் அவன் முன்கால் நடுவுக்கு ஒரே அங்குலம் முன்னால். அவனுக்கு அந்த போர்டு அச்சாகப் பொருந்துகிறது, எனக்கு ஏன் பொருந்தவில்லை என்று அங்கேயே புரிந்துவிட்டது.

தண்ணீரில் இது எப்படித் தெரியும் என்றால், அலை இறங்கும்போது மூக்கு குத்தும். குத்தக் கூடாது என்று நானே அறியாமல் இரண்டு காலையும் பின்னால் இழுத்துக்கொள்வேன், பின்கால் ஃபின்னைத் தாண்டி வால் நுனிக்குப் போய்விடும், போர்டு பிரேக் போட்ட மாதிரி நிற்கும். இல்லாவிட்டால் காலைக் குறுக்கி வைப்பேன், ஆறடி இரண்டங்குல உடம்பு முட்டி மடங்காமல் தென்னைமரம் மாதிரி ஆடும். ஃபிஷ்ஷை எடுத்துக்கொண்டு மூன்று பயணம் போனேன், மூன்றிலும் இதே கதை. அங்கே கற்றுக்கொடுக்கிற பையன் கரையிலிருந்தே கத்தினான்: "அண்ணா, பின்கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாருங்க!" குனிந்து பார்த்தேன், விழுந்தேன்.

படுத்துத் துடுப்புப் போடுவதிலும் இதேதான். என் உயரம் 188 சென்டிமீட்டர், ஃபிஷ் 183. முட்டிக்குக் கீழே முழுக்கத் தண்ணீரில் இழுபடும், இரண்டு விரற்கடை முன்னே போனால் மூக்கு முங்கும், பின்னே வந்தால் வால் உட்காரும். நீள போர்டில் அந்தச் சரியான இடம் தாராளமாக இருக்கிறது. வாரா வாரம் கடலில் இருப்பவனுக்கு இது பெரிய விஷயம் இல்லை, தோள் பழகியிருக்கும். ஏற்காடு மலைப்பாதையில் சைக்கிள் மிதிப்பதைத் தவிர வேறு பயிற்சி இல்லாத எனக்கு அரை மணி நேரத்திலேயே தோள் விட்டுவிடும்.

உயரமான ஆள் என்றாலே ஃபிஷ் ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நாலு தடவை உலகப் பட்டம் வாங்கிய மார்க் ரிச்சர்ட்ஸ் உயரமானவர்தான், அவர் ஓட்டியது ஃபிஷ்ஷைப் போலவே இரட்டை ஃபின். ஆனால் அதே ஆஸ்திரேலியாவில் அவரைவிடக் கனமான சைமன் ஆண்டர்சனுக்கு இரட்டை ஃபின் பெரிய அலையில் வழுக்கிக்கொண்டே போனது, அதற்கு மருந்தாக அவர் வடித்ததுதான் மூன்று ஃபின் 'த்ரஸ்டர்', 1981இல் பெல்ஸ் பீச் போட்டியை அதில்தான் வென்றார். இன்று நாம் பார்க்கிற ஷார்ட்போர்டில் பெரும்பகுதி ஒரு கனத்த மனிதரின் எரிச்சலில் பிறந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

பராமரிப்பில் ஒன்று மட்டும். வெயில். நம்மூர் மே மாதத்தில் காருக்குள் போர்டை வைத்துவிட்டு உளுந்தூர்ப்பேட்டையில் டீ குடிக்க இறங்கினேன், திரும்பி வந்தால் கால் வழுக்காமல் இருக்க மேலே தேய்க்கும் மெழுகு உருகி சீட் கவரில் கோடு கோடாக வழிந்திருந்தது. இபிஎஸ் எப்பாக்ஸி போர்டாக (உள்ளே தெர்மோகோல் மாதிரி நுரை, மேலே எப்பாக்ஸி பிசின்) இருந்தால் சூட்டில் மேல்தோல் கொப்புளித்துக் கிளம்பிவிடும் ஆபத்து இன்னும் அதிகம். நான் எடுத்தது பழைய பியூ (பாலியூரித்தேன் நுரை) போர்டு, கொஞ்சம் கனம், மஞ்சள் பூத்திருக்கிறது, ஆனால் சூட்டை அதைவிடத் தாங்கும்.

ஆக, 6 அடி 8 அங்குலத்தையே எடுத்தேன். இடுப்பளவு அலையில் ஃபிஷ் இதைவிடக் குஷியாக இருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கிளப்புகிற பெரிய அலையில் இதை ஒரே ஒரு காலைதான் ஓட்டியிருக்கிறேன், பாதி நேரம் உருண்டுகொண்டிருந்தேன், அதனால் அந்தப் பக்கம் என் பேச்சை ரொம்ப நம்ப வேண்டாம். வாங்கும் முன் நீங்களும் ஒரு சாக்பீஸும் டேப்பும் எடுத்து உங்கள் 33ஐக் கண்டுபிடியுங்கள், முன்கால் நடுவைத் தாண்டி ஐந்து அங்குலத்துக்கு மேல் போனால் அதே லிட்டரில் நீளமானதைக் கேளுங்கள்.

ஒரே ஒரு குறை. கார் சின்னது, மேலே கேரியர் இல்லை. முன்சீட்டை முழுக்கச் சாய்த்தால்தான் போர்டு உள்ளே போகிறது, மூக்கு டாஷ்போர்டில் இடிக்கிறது. புதுச்சேரி வரை என் மனைவி பின்சீட்டில், போர்டு என் பக்கத்தில்.