அப்பாவுக்கு மூளையில் ஆபரேஷன்: அரசு மருத்துவமனையா, காப்பீட்டு அட்டையா, கைக்காசா?

ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்றைக்கே வீட்டில் பேச்சு நகையிலும் நிலத்திலும் வந்து நிற்கும். அதற்கு முன் டாக்டரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: எத்தனை நாள் பொறுக்கலாம்? தலைக்குள் ரத்தம் கசிந்து நினைவு தப்புகிறதென்றால் ஒப்பிட நேரமில்லை. 108-ஐக் கூப்பிட்டு, நியூரோ சர்ஜரி (மூளை, நரம்பு ஆபரேஷன்) உள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மெனிஞ்சியோமா போல மெதுவாக வளரும் கட்டி என்றால் பெரும்பாலும் அவகாசம் கிடைக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்த அவகாசம் உள்ளவர்களுக்கு.

அரசு மருத்துவமனை என்றதும் முகம் சுளிக்கிற சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் உண்டு. சென்னை ஜி.எச்.சில் நியூரோ சர்ஜரி துறையை டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் தொடங்கினார். அனுபவத்துக்கு அங்கே குறைவில்லை. சிரமம் வேறு இடத்தில். விபத்தில் தலையில் அடிபட்டு வருபவர்களுக்கு முதலிடம் தர வேண்டியிருப்பதால், நமக்குக் கொடுத்த தேதி தள்ளிப் போகலாம். கூடவே ஒருவர் இருந்தாக வேண்டும். சீட்டை எடுத்துக்கொண்டு ஓட, ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்க, ராத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க. தினக்கூலிக் குடும்பத்துக்கு இலவச ஆபரேஷனிலும் இந்தச் செலவு உண்டு.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். வரம்புக்குள் வருபவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். ஆனால் பலர் தடுக்கி விழுவது ரேஷன் கார்டில். அப்பா பேர் ஊரில் அண்ணன் கார்டில் இருக்கும். ஓடியாடிப் பார்ப்பது சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் தங்கையாக இருப்பாள். அவள் கார்டு இங்கே உதவாது. அண்ணன்தான் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்கு நின்று, கலெக்டர் ஆபீசில் அட்டைக்குப் பதிய வேண்டும். அப்புறம், பணம் கட்டி அட்மிட் ஆகிவிட்டு அட்டையை நீட்டாதீர்கள். முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, இந்த ஆபரேஷனுக்கு அங்கே அனுமதி உண்டா என்பதையும் காப்பீட்டு கவுண்டரிலேயே கேளுங்கள்.

கைக்காசில் தனியார் மருத்துவமனை என்றால் தேதி சீக்கிரம் கிடைக்கும், டாக்டரை நாமே தேர்ந்தெடுக்கலாம். அது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. எஸ்டிமேட் தாளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஐ.சி.யூ. எத்தனை நாள் சேர்த்திருக்கிறார்கள்? கூடுதல் நாளுக்கு எவ்வளவு? வென்டிலேட்டர், ரத்தம், பயாப்ஸி (கட்டியின் சதைப் பரிசோதனை), மறு ஸ்கேன் உள்ளே வருமா? பில் எகிறுவது இந்த இடங்களில்தான்.

வருமான வரம்பைத் தாண்டிவிட்டது, வேறு இன்சூரன்சும் இல்லை என்ற நடுத்தரக் குடும்பத்தின் பாடுதான் பெரும் பாடு. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் பிள்ளைக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால், அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் இடமுண்டு. பலர் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. அதுவும் இல்லையென்றால் நிலத்தை விற்று கார்ப்பரேட் மருத்துவமனைக்குப் போவதைவிட அரசு மருத்துவமனையையோ வேலூர் சி.எம்.சி. போன்ற இடத்தையோ பாருங்கள் என்பேன். கடன் வாங்கியே ஆக வேண்டுமானால் வங்கியில் நகையை வையுங்கள். அவசரத்தில் மீட்டர் வட்டிக்குப் போனால் அப்பா எழுந்து நடந்த பிறகும் கடன் எழவிடாது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், ஆபரேஷனோடு எல்லாருக்கும் முடிந்துவிடுவதில்லை. கட்டி கிளியோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் புற்று என்று வந்தால் வழக்கமாக ஆறு வாரத்தில் 30 முறை ரேடியேஷன், கூடவே மாத்திரை. வாரத்தில் ஐந்து நாள் போய் வர வேண்டும். வெளியூர்க்காரர்கள் அறை எடுத்துத் தங்க வேண்டும். அதனால் ரேடியேஷன் எங்கே என்பதையும் சேர்த்தே இடத்தை முடிவு செய்யுங்கள். என்ன கட்டி என்று உறுதியாகச் சொல்லும் பயாப்ஸி முடிவு ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்துத்தான் வரும். அதுவரை நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்காதீர்கள்.