அப்பாயியின் மருந்துத் துண்டும் ஹட்டன் பாமசியும்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற அந்தச் சின்ன பாமசியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

மகளுக்கு 17 வயது. மூன்று மாதமாக மாதச் சுகயீனம் வந்தால் பத்து நாளாகியும் நிற்பதில்லை, ஸ்கூலுக்கும் போக முடியாமல் சுருண்டு படுத்துவிடுகிறாள். அவளுடைய அப்பாயி, அதாவது என் மாமியார், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா, "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, தோட்டத்து டிஸ்பென்சரியில குடுத்த குளிசையிலதான் நின்னுச்சு" என்று தகரப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தந்தார். மடிப்பெல்லாம் கிழிந்த பழுப்புக் காகிதம், அதில் நீல மையில் ஸ்டில்பெஸ்ட்ரால் 1 மி.கி.

முதலில் போன வேறொரு கடையில் துண்டைப் பார்க்கவே இல்லை. "இரத்தம் நிக்கத்தானே?" என்று கேட்டு ஏதோ ஒரு அட்டையை வெட்டி நீட்டினார்கள், யாருக்கு, என்ன வயது என்று ஒரு வார்த்தை இல்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

இங்கே இருந்த மிஸ் துண்டை லைட்டுக்கு நேராகப் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பாட்டி இத வயித்துல பிள்ளை இருக்கும்போது குடிச்சாங்களா?" கல்யாணத்துக்கு முந்தி என்றதும்தான் அவர் முகம் தெளிந்தது. அப்புறம் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். 1938இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த செயற்கை ஈஸ்ட்ரஜனாம் (பெண் ஹார்மோன்), காப்புரிமை எடுக்காததால் பல கம்பெனிகள் மலிவாகச் செய்து விற்க, மாதவிடாய்க் கோளாறுக்கும் கரு கலையாமல் இருக்கவும் பல நாடுகளில் கொடுத்திருக்கிறார்கள். கருவைக் காக்க அது உதவாது என்று 1953இலேயே சிக்காகோ ஆய்வில் தெரிந்தும் நிறுத்தவில்லை. 1971இல் பாஸ்டன் டாக்டர்கள்தான், கர்ப்பத்தில் இதைக் குடித்த தாய்மாரின் பெண் பிள்ளைகளுக்கு இளம் வயதிலேயே யோனியில் அரிய வகைப் புற்றுநோய் வருவதைக் கண்டு சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு பதறிவிட்டது, என் மாமியாரும் ஆறு பெற்றவர்.

மகளுக்கு அவர் ஒரு குளிசையும் விற்கவில்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், தைரொயிட் பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாற்றுகிறாள் என்று குறித்துக்கொள்ள, குளிசை போடும் காகித உறையின் பின்பக்கத்தில் கோடு போட்டுத் தந்தார். கிளினிக்கில் டாக்டர் முதலில் வாங்கிப் பார்த்தது அந்த உறையைத்தான்.

கடையில் உட்கார ஒரு கதிரை கூட இல்லை, அது ஒரு குறை. கொழுந்து நிறுத்து முடிந்து சனம் வரும் நேரத்தில் போனால் பேச இடம் கிடைக்காது, காலையில் போங்கள்.