மைகார்ட் குறியீடு 35-உம் சேவை வரி 6 விழுக்காடும்: மதிப்புப் பட்டியலை எங்கே வைப்பது?

மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் எண்ணில் ஏழாவது, எட்டாவது இலக்கங்கள் பிறந்த இடத்தைச் சொல்பவை. ஜொகூர் 01, பினாங்கு 07, கோலாலம்பூர் 14. கோலாலம்பூரில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு காப்புறுதி நிறுவனத்தில், விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் விதிகளுக்கு 01 முதல் 16 வரை, ஏற்கத்தக்க மதிப்புகளின் பட்டியல் போட்டு வைத்திருந்தோம். ஒரு நாள் 35 என்று ஒரு விண்ணப்பம் வந்தது, மென்பொருள் தள்ளிவிட்டது. பினாங்குக்கு 34, 35-உம் உண்டு, கோலாலம்பூருக்கு 54 முதல் 57 வரையும் உண்டு என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

தவறு சின்னதுதான். ஆனால் பட்டியல் ஜாவா எனமாக (enum, நிரலிலேயே எழுதிவைக்கும் மாறாத மதிப்புப் பட்டியல்) நிரலுக்குள் உட்கார்ந்திருந்தது. அதைத் திருத்தி, சோதித்து, அடுத்த வெளியீடு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை முகப்பில் இருந்த அக்கா அப்படிப்பட்ட விண்ணப்பங்களையெல்லாம் கையால் பதிவு செய்தார்.

அதற்காக எனத்தை ஒதுக்கிவிட மாட்டேன். ஒரு மதிப்பை நீக்கினால், அதைப் பயன்படுத்திய நிரல் அப்போதே கம்பைல் ஆக மறுக்கும். இவ்வளவு கறாரான காவல் மற்ற வழிகளில் சும்மா கிடைக்காது. ஆண்டுக்கணக்கில் மாறாத, நாலைந்து மதிப்புகள் மட்டும் உள்ள பட்டியலுக்கு எனமே போதும்.

விதிகளை இயக்கும் திறமூல மென்பொருளான ட்ரூல்ஸ் (Drools) பக்கம் வந்தால், அதன் 7-ஆம் பதிப்பு வரையிலான விதி எழுதும் திரையில் பட்டியலுக்கென்றே தனிக் கோப்பு உண்டு. குறியீட்டையும் பெயரையும் சேர்த்து எழுதலாம்: விதி எழுதுபவர் திரையில் ‘பினாங்கு’ என்று பார்ப்பார், விதிக்குள் 07 போய்ச் சேரும். ஒரு பட்டியலை இன்னொன்றோடு கட்டியும் வைக்கலாம். பினாங்கைத் தேர்ந்தெடுத்தால் வட கிழக்கு, தென் மேற்கு, செபராங் பிறையின் மூன்று என ஐந்து மாவட்டங்கள் மட்டும் கீழே விரியும். இந்த வசதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் இங்கே பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கோப்பு திரையில் தேர்வுப் பட்டியலைக் காட்டுவதற்கு மட்டும்தான். விதிகள் ஓடும்போது உள்ளே வரும் தரவை அது சோதிக்காது. 07-க்குப் பதிலாக 7 வந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, விதி பொருந்தாமல் சத்தமில்லாமல் நழுவிவிடும். அந்த 7 எங்கிருந்து வரும்? பெரும்பாலும் எக்செலில் இருந்து. முன்னால் உள்ள பூஜ்யத்தை அது தானாகவே விழுங்கிவிடும்.

ஐபிஎம் நிறுவனத்தின் விதி மென்பொருளான ஓடிஎம்மில் (ODM) பட்டியலை எக்செல் கோப்பில் இருந்தோ தரவுத்தளத்தில் இருந்தோ இழுக்கலாம். நிரலாளரைத் தேடாமல் வணிகப் பிரிவினரே புதுப்பிக்கலாம் என்பது பெரிய நிம்மதி. உரிமக் கட்டணம் கொடுக்க முடிந்த பெரிய நிறுவனங்களுக்குச் சரி. எக்செல் வழியில் போனால் குறியீடு உள்ள கலத்தை முதலில் ‘உரை’ என்று மாற்றிவிடுங்கள்.

டிஎம்என் (DMN) ஒரு மென்பொருள் அல்ல, முடிவு விதிகளை எழுதுவதற்கு ஓஎம்ஜி (OMG) என்ற தரநிலை அமைப்பு வெளியிட்ட தரநிலை. அதில் அனுமதித்த மதிப்புகள் தரவு வகையின் வரையறையிலேயே எழுதப்படுவதால், கருவி மாறினாலும் பட்டியல் கூடவே வரும். ஒன்று மட்டும்: ஓடும் நேரச் சோதனையைச் சில இயந்திரங்களில் நாம்தான் தனியாக இயக்கிவிட வேண்டும்.

இப்போது நான் செய்வது வேறு. அடிக்கடி மாறும் பட்டியல் எதுவானாலும் தரவுத்தள அட்டவணையில் வைத்து, ஒவ்வொரு மதிப்புக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என இரண்டு பத்திகள் சேர்ப்பேன். ட்ரூல்ஸ் ஒரு சின்ன ஜாவா வகுப்பின் மூலம் அந்த அட்டவணையைப் படித்துக்கொள்ளும், ஓடிஎம்மும் படிக்கும். ஆக, இந்த வழிகளில் எது சிறந்தது என்று ஒன்றுக்கொன்று போட்டியாகப் பார்ப்பதே பாதிதான் சரி. திரையில் இன்று செல்லுபடியாகும் மதிப்புகள் மட்டும் தெரியும். உள்ளே வரும் தரவையோ, விதிகளுக்கு முன்னால் தனியாக ஒரு சோதனை, பில் தேதியை வைத்துப் பார்க்கும். ஆரம்ப வேலை கூடுதல், மறுக்கவில்லை.

இந்த இரண்டு பத்திகளின் அருமை, 2024 மார்ச் 1-இல் மலேசியாவில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனபோது புரிந்தது. கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அண்ணன், “தம்பி, அந்த 6-ஐத் தூக்கிடுப்பா” என்றார். ஆனால் உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம் எல்லாம் 6-இலேயே இருந்தன. பிப்ரவரி பில்களுக்கான திருத்தங்களும் இன்னும் வந்துகொண்டிருந்தன.

“தூக்கிடலாம் அண்ணே. மதியம் நாம சாப்பிடப் போற கடை பில்லுக்கு என்ன போடுறது?” என்று கேட்டேன்.