குளியலறை டைல்ஸ் பழுதுபார்க்க ஆள் கூப்பிடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்

டைல்ஸ் வேலையில் ஏமாற்றுவது சுலபம். பசை, பூச்சு, வாட்டர் ப்ரூஃபிங் எல்லாமே டைல்ஸுக்குப் பின்னால் போய்விடும். மேலே பளபளவென்று புது டைல்ஸ் உட்கார்ந்துவிட்டால், உள்ளே என்ன வைத்தார்கள் என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அதன் விளைவாக அம்மாவின் பாதத்தில் தையல் போட வேண்டி வந்தது.

ஷவர் இருக்கும் சுவரில் சில டைல்ஸ் விரிசல் விட்டிருந்தன. சுற்றியிருந்தவை லேசாக உப்பி, விரல் முட்டியால் தட்டினால் வெற்றுச் சத்தம் கொடுத்தன. டைல்ஸ் வேலை செய்கிற ஒருவரை வரவழைத்தோம். பேச்சு ரொம்பத் தெளிவாக இருந்தது. உப்பிய டைல்ஸை எடுத்து, பின்னால் இருக்கும் பழைய கலவையைக் கொத்தி, வாட்டர் ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட் அடித்து, நல்ல பசையில் புது டைல்ஸ் ஒட்டி, கிரவுட் (டைல்ஸுக்கு இடையில் இருக்கும் இடுக்கை நிரப்பும் கலவை) போட்டுத் தருவதாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொகை எழுதிய சீட்டும் கொடுத்தார். வேலைக்கு வந்தபோது பசை மூட்டை ஒன்றைக் காட்டினார். தூசி பறக்கும், யாரும் உள்ளே வர வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது, கிரவுட் உட்பட. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, மீதி என்று சொல்லி அந்த மூட்டையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். காலையிலிருந்து தாராளமாகக் குளிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்ன வேலை அத்தனையும் சாதாரணப் பொருட்களை வைத்து ஒரே நாளில் முடியவே முடியாது. முதல் கோட் காய்ந்த பிறகுதான் இரண்டாவது கோட். அதுவும் காய்ந்த பிறகுதான் டைல்ஸ். ஒட்டிய பிறகு கிரவுட் போட வழக்கமாக ஒரு நாளாவது விட வேண்டும், கிரவுட் இறுகும்வரை தண்ணீர் படக்கூடாது. சீக்கிரம் இறுகும் ரகங்களும் கிடைக்கின்றன, ஆனால் எத்தனை மணி நேரம் என்பது மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும். ஒரே நாளில் முடிப்பேன் என்று யாராவது சொன்னால் முதலில் அந்த மூட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

சில வாரங்கள் கழித்து, அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது நடு வரிசையில் ஒரு டைல்ஸ் அப்படியே கழன்று காலில் விழுந்தது. உடைந்த டைல்ஸின் விளிம்பு எவ்வளவு கூர்மையானது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. டைல்ஸ் போட்டவருக்குப் போன் செய்தேன். சுடுதண்ணீரை நேராக ஊற்றியிருப்பீர்கள், அதனால்தான் விட்டுப்போயிருக்கும் என்றார். குளியலறைச் சுவரில் சுடுதண்ணீர் படாமல் வேறென்ன படும்? அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

வேறொரு கொத்தனார் வந்து, புதிதாகப் போட்ட டைல்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். பாதிக்கு உளிகூடத் தேவைப்படவில்லை, கையாலேயே வந்துவிட்டன. பின்பக்கம் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை கலவை. மீதி இடமெல்லாம் காலி. அதுவும் பசை இல்லை, வெறும் சிமென்ட். முதல் ஆள் கொண்டுவந்து ஒட்டியது விட்ரிஃபைட் டைல்ஸ். அந்த ரகம் 0.5 சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது, அதனால் வெறும் சிமென்ட் அதைச் சரியாகப் பிடிக்காது. பழைய சுவர் டைல்ஸ் செராமிக் ரகம். அவை 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும், ஊறவைத்து சிமென்டில் பதித்தால் நிற்கும். இந்த வித்தியாசம் இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்ததுதான்.

உருண்டை வைத்து ஒட்டுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. கிரவுட் வழியாக ஊறும் தண்ணீர் அந்தக் காலி இடத்தில் போய்த் தங்கிவிடுகிறது. சிமென்ட் கிரவுட் தண்ணீரை முழுக்கத் தடுக்காது. தடுக்க வேண்டியது பின்னால் இருக்கும் வாட்டர் ப்ரூஃப் பூச்சு. அந்தப் பூச்சு ஒரு கோட்கூட அடிக்கப்படவில்லை. சுவரில் இருந்த குழிகளை ஜிப்சம் பவுடர் வைத்து நிரப்பியிருந்தார், அது ஈரத்தில் ஊறிப் பிசுபிசுவென்று விரலோடு வந்தது. பழைய கலவையும் கொத்தப்படவில்லை. விரிசல் விட்ட இரண்டு டைல்ஸை மாற்றவே இல்லை, வெள்ளை சிமென்டை மேலே தேய்த்து மறைத்திருந்தார். எனக்கு ஆத்திரம் அடங்காதது இதில்தான். மாற்றியதாகச் சொல்லி அந்த இரண்டுக்கும் காசு வாங்கியிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டைல்ஸ் ஏன் முதலில் உப்பியது என்று அவர் பார்க்கவே இல்லை. பிளம்பர் வந்து குழாயில் அழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது, சுவருக்குள் இருக்கும் ஷவர் குழாயின் ஒரு இணைப்பில் கசிவு இருந்தது. பின்பக்க அறைச் சுவரில் ஈரம் ஏறி உப்பு பூத்திருந்ததை டைல்ஸ் போட்ட அந்த மனிதரிடம் முன்பே காட்டியிருந்தோம். வெளியிலிருந்து வரும் மழை ஈரம் என்று சொல்லிக் கடந்துவிட்டார். கசிவை அடைக்காமல் எத்தனை முறை டைல்ஸ் மாற்றினாலும் அது மறுபடி விடத்தான் செய்யும்.

நீங்கள் ஆள் வைத்தால் கதவைச் சாத்த விடாதீர்கள். கொத்திய பிறகு ஒரு தடவை, பூச்சு அடித்த பிறகு ஒரு தடவை சுவரைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பசை மூட்டையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய முறையில் தரம் குறித்திருந்தால் சி1, சி2 என்று மூட்டையில் இருக்கும். சி2-க்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஒட்டும் வலு, சி1-க்கு இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. விட்ரிஃபைட் டைல்ஸுக்கு அதையே கேளுங்கள். பசையைப் பல் கரண்டியால் (விளிம்பு பல் பல்லாக இருக்கும் கரண்டி) சுவர் முழுக்க இழுத்துப் பரப்ப வேண்டும். அப்புறம், ஒட்டிய முதல் டைல்ஸை உடனே ஒரு முறை கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பசை ஈரமாக இருக்கும்போது சுலபமாக வந்துவிடும், திரும்பப் பசை தடவி ஒட்டிக்கொள்ளலாம். ஈரம் படும் இடத்தில் பின்பக்கம் 95 சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தரவிதி. நேர்மையாக வேலை செய்கிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார். இரண்டாவதாக வந்த கொத்தனார் நான் கேட்பதற்கு முன்பே கழற்றிக் காட்டினார். சுவரும் சுவரும் சேரும் மூலையில் கிரவுட் வேண்டாம், விரிசல் விட்டுவிடும் என்று சொல்லி அங்கே சிலிக்கோன் சீலன்ட் வைத்தவரும் அவர்தான்.

ஏற்கனவே வேலை முடிந்துவிட்டது என்றால், புது டைல்ஸ் ஒவ்வொன்றையும் ஒரு நாணயத்தால் மூலையிலும் நடுவிலும் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் பரவலாகக் கேட்டால், குழந்தைகளையும் வயதானவர்களையும் அந்தச் சுவர்ப்பக்கம் விடாதீர்கள். கழன்று விழுந்ததைத் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கம் தெரியும்படி படம் எடுத்து, துண்டுகளையும் பத்திரமாக வையுங்கள். நானும் அந்தத் துண்டுகளையும் படங்களையும் முதல் ஆள் எழுதிக் கொடுத்த சீட்டையும் வைத்துத்தான் நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன்.