கொழும்பு வேலையா, டொலர் ஒப்பந்தமா, ஊரில் சொந்தத் தொழிலா? மலையகத்துச் சேவை வடிவமைப்பாளருக்கு மூன்று வழிகள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பதுளையிலோ இருந்துகொண்டு சேவை வடிவமைப்பை, அதாவது ஒரு சேவையைப் பெறுபவரும் தருபவரும் கடக்கும் படிகளை ஆராய்ந்து சீர்செய்யும் வேலையை, தொழிலாக்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு: கொழும்பில் மாதச் சம்பளம், வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஒப்பந்தம், ஊரிலேயே சொந்தத் தொழில். எதில் காசு அதிகம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாம் வரைந்தது நடைமுறைக்கு வந்து ஆறு மாதம் ஓடுவதைப் பார்க்க எந்த வழியில் கிடைக்கும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. அதைப் பார்க்காதவர் எத்தனை வருடம் போனாலும் படம் வரைபவராகவே இருந்துவிடுவார்.

காரணம் இந்தத் தொழிலின் அடிப்படையிலேயே இருக்கிறது. வங்கித் துறையைச் சேர்ந்த லின் ஷோஸ்டாக் 1984இல் சேவை வரைபடத்தை (ஒரு சேவை நடக்கும் படிகளை வரிசையாகக் காட்டும் படம்) விளக்க எடுத்துக்கொண்டது தெருவோரச் சப்பாத்துத் துடைப்பு. நடுவே ஒரு கோடு: மேலே வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது, கீழே தெரியாதது. சிக்கல் பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே இருக்கும். நம்மூர் உதாரணம் ஊழியர் சேமலாப நிதி. தோட்டத் தொழிலாளி ஒருவர் பணத்தை எடுக்கப் போகிறார். பிறப்புச் சான்றிதழில் ‘முத்துலெட்சுமி’, அடையாள அட்டையில் ‘முத்துலட்சுமி’, தோட்டப் பதிவில் வெறும் ‘லெட்சுமி’. படிவத்தை எவ்வளவு அழகாக மாற்றினாலும் அவர் திரும்பத் திரும்ப அலையத்தான் வேண்டும். பிழை பல வருடங்களுக்கு முன்பே, பெயர் பதிந்த நாளில் நடந்தது. பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதில் பணத்தை எடுக்கலாம் என்பதால், அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கும் ஒரு நாளைத் தோட்ட அலுவலகத்தில் ஏற்படுத்துவதே இங்கே வடிவமைப்பு.

இனி வழிகளுக்கு வருவோம்.

கொழும்பு வேலையின் பலம், கோட்டுக்குக் கீழே போக அனுமதி கிடைப்பது. வங்கி, தொலைத்தொடர்பு, காப்புறுதி நிறுவனங்களில் அழைப்பு மையப் பதிவுகளைக் கேட்கலாம், கிளை ஊழியருக்குப் பக்கத்தில் உட்காரலாம். ‘சேவை வடிவமைப்பாளர்’ என்று விளம்பரம் வருவது அரிது. வாடிக்கையாளர் அனுபவம், யூஎக்ஸ் (பயனர் அனுபவம்), வணிகப் பகுப்பாய்வு, செயன்முறை மேம்பாடு என்ற பெயர்களில் தேடுங்கள். நேர்முகத்தில் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “கடைசியாகச் செய்த மாற்றத்தின் பலனை யார் அளந்தார்கள்?” பதில் தடுமாறினால் அங்கே திரை வரையும் வேலைதான் காத்திருக்கிறது. சம்பளத்தோடு சேமலாப நிதியில் உங்கள் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேரும், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம் கட்டுவார். ஆனால் போடிங் வாடகையும் சாப்பாடும் அதில் பெரும்பங்கை விழுங்கும். இன்னொரு பொறி: தமிழ் தெரிந்தவர் என்றதும் “தமிழ்ப் பிரதியையும் நீங்களே பார்த்துவிடுங்களேன்” என்பார்கள். ஓரிரு தடவை உதவலாம். அதுவே வழக்கமானால் நீங்கள் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்.

வெளிநாட்டு ஒப்பந்தத்தில் வருமானம் நல்லது, வரியும் இலேசு. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் வரிவிலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வரும் சேவை வருமானத்துக்கு, விலக்குப் போக முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், மீதிக்கு 15 சதவீதம். ஆண்டுக்கு 36 இலட்சம் வந்தால் வரி 60,000 உடன் 120,000, ஆக 180,000 ரூபா. அதே தொகையை உள்ளூரில் உழைத்தால் 222,000. பணம் வங்கி வழியாக வந்ததற்கான சீட்டை ஒவ்வொரு மாதமும் கோப்பில் போடுங்கள். சீட்டு இல்லாவிட்டால் சலுகையும் இல்லை.

இடைஞ்சல் கொடுப்பது வானம். லண்டனின் காலை 9 மணி நமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. ஒக்டோபர், நவம்பரில் மலையகத்தில் இடியும் மின்வெட்டும் வருவது சரியாக அந்த நேரத்தில்தான். ரவுட்டருக்குப் பொருந்தும் மினி யூபிஎஸ் ஒன்று (பெரும்பாலான ரவுட்டர்களுக்கு 12 வோல்ட்), வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம், முழுச் சார்ஜில் மடிகணினி: இவ்வளவும் வேண்டும். மின்வெட்டு நீண்டால் தொலைபேசிக் கோபுரத்துப் பற்றரியும் இறங்கிவிடும், ஆகவே முக்கியமான கூட்டத்தை இந்த மாதங்களில் நம் இரவு நேரத்துக்குக் கேளுங்கள், லண்டனில் அப்போது பிற்பகல்தான். சிட்னிக்காரரோடு வேலை என்றால் அவர்களின் காலை 9 மணி நமக்கு விடியற்காலை 3.30 அல்லது 4.30. யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள்.

இவ்வழியின் உண்மையான குறை வேறு. மக்களையோ ஊழியரையோ நேரில் பார்க்க மாட்டீர்கள், வேலை முடிந்தபின் என்ன ஆனது என்றும் தெரியவராது. ஒப்பந்தத்திலேயே மூன்று விடயங்களை எழுதி வாங்குங்கள்: 40, 30, 30 என்று தவணை, திருத்தம் இரண்டு சுற்றோடு நிற்கும் என்ற வரம்பு, பெயர்களை மறைத்து வேலையைக் காட்ட அனுமதி. மூன்று மாதம் கழித்து அரைமணி நேர அழைப்பு ஒன்றையும் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

சொந்தத் தொழில்தான் மூன்றிலும் கடினம், கற்றுத் தருவதும் அதுவே. முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: நம்மூரில் ‘சேவை வடிவமைப்பு’ என்று சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். பாமசிக்காரருக்கு வரிசை தெரியும், எல்லவில் ஹோம்ஸ்டே நடத்துபவருக்கு முன்பதிவு செய்துவிட்டு வராத ஆளைத் தெரியும், டியூஷன் வைத்திருப்பவருக்கு நிலுவைக் கட்டணம் தெரியும். அந்தச் சொற்களால் பேசினால்தான் பேச்சே தொடங்கும்.

ஒரு சிறிய வேலைக்குப் பத்து வேலைநாள் போதும், பரீட்சார்த்தம் தனி. முதல் இரண்டு நாள் கடையில் நின்று பார்ப்பது. திறக்கும் நேரத்தில் ஒருமுறை, கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஒருமுறை. வந்த நேரம், காத்திருந்த நேரம், போன நேரம், திரும்பி வரவேண்டியிருந்தால் ஏன் என்று ஒவ்வொருவருக்கும் குறியுங்கள். பிறகு ஐந்தாறு வாடிக்கையாளர்களோடும் எல்லா ஊழியர்களோடும் பேச்சு. தேநீர் ஊற்றுபவரை விட்டுவிடாதீர்கள், யார் எதற்குக் கோபப்பட்டுப் போனார் என்பது அவருக்குத்தான் தெரியும். அடுத்து மூன்று மீற்றர் பிரவுண் கடதாசியைச் சுவரில் ஒட்டி ஐந்து வரிசை: வாடிக்கையாளர் கையில் இருப்பது, அவர் செய்வது, ஊழியர் முன்னால் செய்வது, பின்னால் செய்வது, அதைத் தாங்கும் கணக்குப் புத்தகமோ மென்பொருளோ. திரும்பி வந்தவர்கள் எந்த இடத்தில் கூடுகிறார்களோ அங்கே ஒரே ஒரு மாற்றம். இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, அதே நேரங்களில் நின்று மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

தோற்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதலாளிக்குப் பிடித்து ஊழியருக்குப் பிடிக்காத மாற்றம், நீங்கள் போன மறுவாரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வரைபடம் போடும் நாளில் ஊழியரே எழுதட்டும். மற்றது தொண்டு நிறுவனத் திட்டம்: நிதி நின்றதும் சேவையும் நின்றுவிடும். திட்டம் முடிந்தபின் சம்பளம் கொடுப்பது யார் என்று முதல் கூட்டத்திலேயே கேட்பது மரியாதைக் குறைவல்ல.

சீசனையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை, நுவரெலியாவுக்கு ஏப்ரல். நல்லதண்ணியில் தங்குமிடம் வைத்திருப்பவர் சீசனில் உங்களிடம் பேசவே மாட்டார். ஆனால் பார்க்க வேண்டியதெல்லாம் அப்போதுதான் நடக்கும். ஆகவே ஒப்பந்தம் ஒக்டோபரில், அவதானிப்பு ஜனவரியில், மாற்றம் சீசன் முடிந்தபின். கட்டணம் மொத்தமாகப் பேசி, பாதியை முன்கூட்டியே வாங்குங்கள்.

பதிவு விடயம் எளிது. தனியார் வணிகப் பெயரை உங்கள் பிரதேச செயலகத்தில் பதியலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி ஒரே பங்குதாரரோடு தனியார் கம்பனியும் அமைக்கலாம். ஆனால் செயலாளர் வேண்டும், ஆண்டறிக்கையும் போட வேண்டும். கேள்விப்பத்திரத்துக்குக் கம்பனி தேவைப்படும் நாள்வரை வணிகப் பெயரே தாராளம்.

எங்கள் தெரிவு: இரண்டு வருடம் கொழும்பு, பிறகு ஊரில் சொந்தத் தொழில், அது நிலைக்கும்வரை அடுப்பெரிய ஒரு வெளிநாட்டு ஒப்பந்தம். வயதான பெற்றோரையோ கைக்குழந்தையையோ விட்டு நகர முடியாதவர் கொழும்பைத் தவிர்த்துவிடலாம். வாரத்தில் மூன்று நாள் ஒப்பந்த வேலை, மூன்று மாதத்துக்கு ஒரு உள்ளூர்க் கடை. இப்படி நான்கு கடை ஆனதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: முன்பிருந்த காத்திருப்பு நேரம், செய்த மாற்றம், பின்பிருந்த நேரம், எது பலிக்கவில்லை. கடைசி வரியை வெறுமையாக விட்ட பக்கத்தை அனுபவமுள்ள எந்த முதலாளியும் நம்ப மாட்டார்.