பேண்ட் ஆஃப் பிரதர்ஸா, தி பசிபிக்கா?

சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் தே தாரிக் ஆறுவதற்குள் இந்த இரண்டு போர்த் தொடர்களில் எதைத் திரும்பப் பார்க்கலாம் என்ற வாக்குவாதம் வந்துவிடும். இரண்டும் இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட அமெரிக்க வீரர்களின் கதை, முதலாவது ஐரோப்பாவில், மற்றது பசிபிக் தீவுகளில். இரண்டும் எச்பிஓ தொலைக்காட்சியின் தயாரிப்பு, இரண்டுக்கும் பின்னால் டாம் ஹாங்ஸும் ஸ்பீல்பெர்க்கும், இரண்டிலும் பத்துப் பாகங்கள். ஒன்று 2001இல் வந்தது, மற்றது 2010இல். சண்டைக் காட்சிகளில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை, அதனால் அதை விட்டுவிடலாம்.

திரும்பப் பார்ப்பதற்கு என் ஓட்டு பேண்ட் ஆஃப் பிரதர்ஸுக்குத்தான். முதல் தடவை யார் யாரென்றே பிடிபடாது. எல்லார் தலையிலும் ஒரே ஹெல்மெட், எல்லார் முகத்திலும் ஒரே சேறு. இரண்டாம் தடவைதான் ஆட்கள் தெரிவார்கள். ஏழாவது பாகத்தில் வீரர்கள் டோயும் குவார்னியரும் காலை இழப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, முதல் பாகத்தில் அவர்கள் மலையேறி ஓடிப் பயிற்சி எடுப்பதைப் பார்த்தால் வயிறு பிசையும். ஆறாவது பாகத்தில் மருத்துவ உதவியாளர் ரோ பதுங்குகுழி பதுங்குகுழியாகப் போய்க் கத்தரிக்கோலும் மார்ஃபினும் கேட்டு அலைகிறார். முதலில் குண்டுச் சத்தத்தில் இது கண்ணிலேயே படவில்லை. கடைசியில், தாதியின் நீலத் தலைத்துணியைக் காயத்துக்குக் கட்டக் கிழிக்குமுன் ஒரு கணம் தயங்குவாரே, அதற்காகவே மறுபடியும் போடலாம்.

தி பசிபிக்கில் லெக்கி, ஸ்லெட்ஜ், பசிலோன் என்று மூன்று வீரர்கள், மூன்று திசை. ஒருவரோடு ஒட்டும்போதே கதை அடுத்தவரிடம் தாவிவிடுகிறது. ஆனால் ஐரோப்பியப் பனியைவிட அந்த மழையும் காட்டுச் சேறும் நமக்குப் பழக்கம். எதிரே நிற்பதும் நம் பெரியவர்கள் சொன்ன அதே ஜப்பான்காரன்தான். 1942, 43இல் மலாயாத் தோட்டத்து ஆட்களை ஆயிரக்கணக்கில் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா மரண ரயில் பாதை போடக் கொண்டுபோன அதே ராணுவம். பத்தாவது பாகத்தில், ஊர் திரும்பிய ஸ்லெட்ஜ் அப்பாவோடு வேட்டைக்குப் போன இடத்தில் உடைந்து அழுகிறார். சயாமிலிருந்து திரும்பி, அதைப் பற்றி வாயே திறக்காத தாத்தாக்கள் இருந்த வீடுகளில் அந்தக் காட்சியைச் சும்மா பார்த்துவிட முடியாது.

அப்படியும் முழுத் தொடராக இன்னொரு தடவை உட்கார எனக்குத் தெம்பில்லை. மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டார். பெலெலியு தீவில் பிணத்தின் தங்கப் பல்லைப் பிடுங்கப்போகும் ஸ்லெட்ஜை, தானே பல் சேர்க்கும் சக வீரன் ஸ்நாஃபு "கிருமி ஒட்டும்" என்று தடுக்கிற இடம் வேறு எந்தத் தொடரிலும் இல்லை என்பது அவர் கட்சி. அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.