ஓடையா, பெரிய பேட்டரியா? சோலாருக்குத் துணை தேடிய கதை

வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மரம் விழுந்து மின்கம்பி அறுவது வாடிக்கை. மின்சாரம் திரும்ப இரண்டு நாளும் ஆகும், நான்கு நாளும் ஆகும். எங்கள் காப்பித் தோட்டத்தில் ஓர் அலுவலக அறை, தொழிலாளர் குடியிருக்கும் ஆறு லைன் வீடுகள், கூரையில் 5 கிலோவாட் சோலார். அதற்குத் துணையாகப் பெரிய லித்தியம் பேட்டரி வாங்குவதா, தோட்டத்துக்குள் இறங்கும் ஓடையில் சிறு டர்பைன் வைப்பதா என்று ஒரு வருடம் யோசித்து, ஓடைப் பக்கம் சாய்ந்தேன். டீசல் ஜெனரேட்டரின் சத்தமும் செலவும் ஊரறிந்தவை.

பேட்டரியை ஒரே நாளில் மாட்டிவிடலாம். சத்தமில்லை, ஆள் வேண்டாம். கோடையில் அதுவே போதும். சங்கடம் ஜூனில்தான் தொடங்குகிறது. வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாதபோது பேட்டரி, நெல் வராத பத்தாயம். பத்தாயத்தைப் பெரிதாக்கினால் நெல் விளையுமா?

ஓடை நிறைவது அதே மாதங்களில். 40 மீட்டர் இறக்கம், நொடிக்கு 15 லிட்டர் நீர். ஏட்டுக் கணக்கில் 5.9 கிலோவாட், இழப்புகள் போகக் கைக்கு வருவது 3.4. அற்பமாகத் தோன்றும். ஆனால் இரவும் பகலும் ஓடுவதால் நாளுக்கு 80 யூனிட் சேர்கிறது. ஒரு கிலோவாட் சோலார் நாளுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்தால், நல்ல வெயிலிலேயே 20 கிலோவாட் சோலார் தரவேண்டிய மின்சாரம் அது. மார்ச்சில் ஓடை 3 லிட்டராக மெலிந்து 600 வாட்டே மிஞ்சும். அப்போது கூரை உழைக்கிறது. ஒன்று படுக்கும் காலத்தில் மற்றது எழுவதுதான் என்னைச் சாய வைத்தது.

'கடம்பாறை மாதிரி நீரை மேலேற்றிச் சேமிக்கலாமே' என்றார் நண்பர். கடம்பாறை எங்களுக்கு அண்டைதான்: 1987 முதல் 1989 வரை கட்டம் கட்டமாக இயங்கத் தொடங்கிய 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம். உபரி மின்சாரத்தில் மேல் ஆழியாறு நீரை மேலணைக்கு ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும்போது இறக்குகிறார்கள். இரண்டு அணைகளும் நெடிய இறக்கமும் இருந்தால் அது அருமையான ஏற்பாடு. என் 40 மீட்டரில் ஒரே ஒரு யூனிட்டைச் சேமிக்க 15,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும் தொட்டி வேண்டும். பேச்சு அதோடு முடிந்தது.

பராமரிப்பில் ஓடை பொல்லாதது. மழைநாளில் காலை ஆறு மணிக்கு, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, தடுப்பணைச் சல்லடையில் அப்பியிருக்கும் இலைகளை ஒருவர் வாரவேண்டும். ஒருநாள் விட்டால் மின்சாரம் பாதியாகிவிடும். முதல் வருடம் யானை மிதித்துக் குழாய் நசுங்கியது, இப்போது புதைத்திருக்கிறோம். ஓடையை முழுக்கத் திருப்பிவிடாமல் கீழே கொஞ்சம் நீர் விடவும் வேண்டும். நீர் மோதிச் சுழலவைக்கும் டர்பைன் கிண்ணங்களின் விளிம்பை மணல் அரித்திருப்பது மூன்றாம் மழைக்குப் பின் கைக்குத் தட்டுப்படுகிறது. அடுத்த மூன்று மழையைத் தாங்குமா, பார்க்கவேண்டும். அடுத்த தோட்டக்காரரின் பேட்டரி இரண்டு வருடமாகக் குறையின்றி ஓடுகிறது. தீர்ப்புச் சொல்ல அந்தக் காலமும் போதாது.

நிறுத்தி வைக்க முடியாத ஓடை மின்சாரம் நள்ளிரவில் மிஞ்சும். அதை ஒரு டிரம் தண்ணீருக்குள் இருக்கும் சூடேற்றிக்குத் திருப்பிவிட்டிருக்கிறோம். ஜூலை மாதக் காலைகளில் லைன் வீட்டுப் பிள்ளைகள் வாளியோடு அங்கே வரிசை கட்டுகிறார்கள்.